அந்த டிரம்மைத் திறக்காதே

மாமியாரிடம் உதவியாளராக வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. வேலையை விட்டுவிடுவேன் என்று யாரும் யாரையும் மிரட்ட முடியாது. அந்த வசதி தனக்கா மாமியாருக்கா என்றுதான் மாப்பிள்ளைக்குப் பதினான்கு மாதமாகப் புரியவில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிய அன்று, "வேற வேலை கிடைக்கிற வரைக்கும் அம்மாவுக்குத் துணையா போயிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. அம்மா முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் வாசலில் 'துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு மாட்டினார். குரலைக் கேட்டே, பேசுகிறவர் நின்றுகொண்டு பொய் சொல்கிறாரா, உட்கார்ந்துகொண்டு பொய் சொல்கிறாரா என்று சொல்லிவிடுவார். இப்படிப்பட்டவரின் மகளைக் கட்டிக்கொண்டு ஐந்து வருடமாக ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லாமல் காலம் தள்ளுவது லேசான காரியமில்லை.

இன்று காலை பத்து மணிக்குப் போன் வந்தது. பத்தே முக்காலுக்கு ஸ்கூட்டர் ஒரு டிரம் பட்டறை வாசலில் நின்றது. ஓட்டி வந்தது அத்தை. பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது மாப்பிள்ளை.

போன் செய்த வீட்டுக்காரம்மா வாசலிலேயே காத்திருந்தார்.

"பன்னெண்டு மணி ஆச்சுன்னா என் கொழுந்தன் பையைத் தூக்கிட்டுப் போயிடுவாரும்மா. அதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. திருடினது அவரு இல்ல."

"யாருன்னு தெரியுமா?" என்றார் அத்தை.

"தெரியாது. அவரு இல்லேன்னு மட்டும் தெரியும்."

"அப்ப பாதி கேஸ் முடிஞ்சுது" என்றான் மாப்பிள்ளை. அத்தை அவனைப் பார்த்த பார்வையில் மீதிப் பாதியும் முடிந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். அண்ணன், தம்பி இருவரும் இருபது வருடமாக இங்கே டிரம் செய்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அணிவகுப்பில் இடுப்பில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிப்பார்களே, அந்தச் சின்ன டிரம். ஸ்நேர் டிரம் என்பார்கள். அதன் விளிம்பைச் சுற்றி எட்டு ஸ்க்ரூ இருக்கும். எட்டையும் தனித்தனியாகத் திருகி, மேல் தோலை அழுத்திப் பிடிக்கும் வளையத்தை இறுக்க வேண்டும். தோல் என்பது பேருக்குத்தான், இப்போதெல்லாம் அதுவும் பிளாஸ்டிக்.

அண்ணன் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்திருந்தார். எட்டு ஸ்க்ரூவுக்குப் பதில் எட்டுக் கொக்கி. கொக்கிகளையெல்லாம் கோத்து டிரம்மைச் சுற்றி ஓடும் ஒரு எஃகுக் கம்பி. கம்பியை இழுக்க ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகினால் எட்டு இடமும் ஒன்றாக இறுகும், தளர்த்தினால் ஒன்றாகத் தளரும். அன்றிலிருந்து தொழில் வட்டாரத்தில் அவருக்கு 'ஒத்த ஸ்க்ரூ' என்று பெயர். அதை அவர் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்க்ரூ கழண்ட ஆளுங்களைப் பார்த்திருக்கேன் அத்தை" என்று மாப்பிள்ளை காதோடு சொன்னான். "ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மத்த ஏழையும் தானே கழட்டிப் போட்டவரை இன்னைக்குத்தான் பார்க்கப் போறேன்."

காணாமல் போனது அந்தக் கண்டுபிடிப்பின் வரைபடம். ஒரே ஒரு தாள். இன்று மாலை நான்கு மணிக்குள் காப்புரிமைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும், இன்றோடு கெடு முடிகிறது. நகல் கிடையாது. நகல் எடுக்கும் கடைக்காரன் திருடிவிடுவான் என்று ஒத்த ஸ்க்ரூவுக்குப் பயம். யார் கண்ணிலும் படக்கூடாது என்று மேஜையில்கூட எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்பாராம்.

காலை ஒன்பது பத்துக்குப் பலகை ஏற்றிவந்த வேன் பின்னால் எடுக்கும்போது கேட்டை இடித்துவிட்டது. அண்ணன், அவர் மனைவி, டிரம் வாங்க வந்திருந்த பேண்ட் மாஸ்டர் எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள். டிரைவரோடு ஐந்து நிமிடம் வாய்ச்சண்டை. திரும்பி வந்தால் மேஜை மேல் தாள் இல்லை. உள்ளே இருந்தது தம்பி ஒருவர்தான்.

"என் வீட்டுக்காரரு கொழுந்தனோட சட்டைப் பையில இருந்து சாப்பாட்டு டப்பா வரைக்கும் துழாவிட்டாரும்மா" என்றார் வீட்டுக்காரம்மா. "பேண்ட் மாஸ்டர் பார்த்துக்கிட்டே நிக்கறாரு. அவர் எதிர்லயே 'திருட்டுப்பய'ன்னு சொல்லிட்டாரு. பன்னெண்டு மணிக்குள்ள தாள் வரணும், இல்லேன்னா நீ போகணும்னு கெடு வேற."

"அதுக்குக் கொழுந்தன் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தன்னோட சாமானையெல்லாம் பையில எடுத்து வெச்சுக்கிட்டாரு."

பட்டறை அறை நீளமாக, வெளிச்சமாக இருந்தது. சுவரெல்லாம் ஆணி, ஆணிகளில் கருவிகள். பாதி ஆணிகள் காலி. மாப்பிள்ளை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தான். மூன்று கால் ஸ்டூல்போலத் தெரிந்தது, ஆனால் ஆடவில்லை. குனிந்து பார்த்தான். நான்காவது கால் பாதியில் ஒடிந்திருந்தது. அதன் அடியில் கெட்டியாக மடித்த ஒரு காகிதக் கட்டு. ஜன்னல் கதவு இடுக்கில் அதேபோல் ஒரு மடிப்பு. சுவர்க் கடிகாரத்தின் இடது மூலைக்குப் பின்னால் ஒன்று. எல்லாம் ஒரே அகலம், நகத்தால் தேய்த்துத் தேய்த்து மடித்த கூர்மையான விளிம்பு.

"இந்த வீட்டுல பேப்பர் தீர்ந்துபோச்சுன்னா சுவரே சாஞ்சிடும் போலிருக்கே."

"எல்லாம் கொழுந்தன் வேலை" என்றார் வீட்டுக்காரம்மா. "எது ஆடினாலும் அவருக்குப் பொறுக்காது. யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கைக்குக் கிடைச்ச பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் போயிடுவாரு."

தம்பி சுவர் ஓரமாக நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலடியில் ஒரு கான்வாஸ் பை, வாய் பிதுங்கி நின்றது. அத்தை நேரே அவரிடம் போனார்.

"தாளை நீங்க திருடினீங்களா?"

"இல்லம்மா."

"அது இப்ப எங்க இருக்கு?"

"தெரியாதும்மா."

அத்தை தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஏமாற்றமாக இருந்தது. "அவ்வளவுதானா? நான் காபி வாங்கப் போனாக்கூட நீங்க இன்னும் நாலு கேள்வி கேப்பீங்களே."

"ரெண்டு கேள்வி போதும் மாப்பிள்ளை. முதல் பதில் உண்மை. ரெண்டாவது பொய்."

"அதாவது திருடல, ஆனா எங்க இருக்குன்னு தெரியும்?"

"அப்படித்தான் கேட்டுச்சு."

அந்த நேரத்தில் ஒத்த ஸ்க்ரூ உள்ளே வந்தார். குட்டையான, அவசரமான மனிதர். துப்பறிய ஆள் வந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பார்க்க ஆள் வந்திருப்பது பிடித்திருந்தது. யாரும் கேட்காமலேயே மேஜை மேலிருந்த சிவப்பு டிரம்மை எடுத்து நடுவில் வைத்தார்.

"பாருங்கம்மா. எட்டு ஸ்க்ரூ டிரம்முக்குத் தோல் மாத்தணும்னா கால் மணி நேரம். இது நாப்பது செகண்ட்ல திறக்கும், நாப்பது செகண்ட்ல மூடும். பழைய சத்தம் அப்படியே வரும். இதை அவன் மூணு வருஷமா குறை சொல்றான். என் தம்பி."

"எல்லாத்தையும் தேடிட்டீங்களா?"

"மூலை முடுக்கு ஒண்ணு விடல."

"இந்த டிரம்முக்குள்ள?"

"இதுக்குள்ளயா? இதை அவன் தொடவே மாட்டான். தொட மாட்டேன்னு சபதமே போட்டிருக்கான்."

"நாப்பது செகண்ட்தானே. திறந்து பார்த்துடுவோமே" என்றார் அத்தை.

ஒத்த ஸ்க்ரூவின் கை டிரம் மேல் இருந்தது, அப்படியே நின்றது. "அதெல்லாம் வேணாம்" என்றார்.

"திறக்காதீங்க" என்றார் சுவரோரமிருந்த தம்பியும், அதே மூச்சில்.

இருபது வருடமாக எதிலும் ஒத்துப்போகாத அண்ணனும் தம்பியும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனதை வீட்டுக்காரம்மா அதிசயமாகப் பார்த்தார். அத்தை டிரம்மையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் காது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"பார்த்தீங்களா, இந்த விஷமம்தான்" என்று ஒத்த ஸ்க்ரூ மறுபடி ஆரம்பித்தார். "மாஸ்டர் நாப்பது டிரம் எடுத்துக்கறேன்னாரு. மாதிரிக்கு இதையே கையோட கொண்டு போறேன்னாரு. பன்னெண்டு மணிக்கு அவருக்கு வண்டி வருது. இவன் குறுக்கே பூந்து 'இது வேணாம் சார், நாலு நாள்ல வேற நல்லதா செஞ்சு தர்றோம்'ங்கறான். வாங்க வந்தவர்கிட்ட யாராவது இப்படிச் சொல்வாங்களா? பொறாமை."

மாப்பிள்ளை அத்தையைக் கொல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அவனுக்குக் கேஸ் புரிந்துவிட்டது. கேஸ் புரிந்துவிட்டால் அவனால் உட்கார முடியாது.

"மாஸ்டர்தான் அத்தை. சந்தேகமே வேணாம். வேன் இடிச்ச உடனே எல்லாரும் ஓடினாங்க, கடைசியா ஓடினது அவருதான். வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டேன். நாப்பது செகண்ட் போதும். டிரம்மைத் திறந்து, தாளை உள்ள போட்டு, மூடிட்டாரு. பன்னெண்டு மணிக்கு ராஜ மரியாதையோட டிரம்மைத் தூக்கிட்டுப் போவாரு. திருடின பொருளைத் திருட்டுக் குடுத்தவரே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பி வைப்பாரு. எப்படி?"

"நல்லா இருக்கு" என்றார் அத்தை.

மாப்பிள்ளை பதினான்கு மாதத்தில் முதல்முறையாக இந்த வார்த்தையைக் கேட்டான். சந்தோஷப்படுவதற்குள், "கதை நல்லா இருக்கு, வாங்க மாஸ்டரைக் கேட்போம்" என்று நடந்துவிட்டார்.

பேண்ட் மாஸ்டர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். உயரமாக, விறைப்பாக, விசில் ஊதி ஊதியே கன்னம் உப்பிய மனிதர். பள்ளிப் பிள்ளைகளின் பேண்ட் ஒன்றை நடத்துகிறார். நாற்பது பிள்ளைகள், நாற்பது டிரம்.

"டிரம் எப்படி சார்?" என்றார் அத்தை.

"அருமை. ஆனா நேத்து சாயங்காலம் வந்தப்ப எனக்குத் திருப்தி இல்ல" என்றார் மாஸ்டர். "எங்க பழக்கம், டிரம்மைச் சுத்தித் தட்டிப் பார்க்கறது. ஸ்க்ரூ இருக்கற பக்கம் டக்கு டக்குன்னு கேட்டுச்சு. நேர் எதிர்ப்பக்கம் தட்டினா, பொத். சொதசொதன்னு. எட்டு ஸ்க்ரூ டிரம்னா கவலையில்ல. தொய்ஞ்ச இடத்துல மட்டும் கால் திருகு வெச்சா சரியாயிடும். இதுல அந்த வசதி இல்ல பாருங்க. ஒரு திருகு திருகினா எட்டு இடமும் சேர்ந்து ஏறும். டக்கு இன்னும் டக்காகும், பொத் பொத்தாவே இருக்கும்."

"இன்னைக்குக் காலையில?"

"வந்த உடனே தட்டினேன். அப்பவும் பொத்துதான். வேணாம்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வேன் ரகளை. அப்புறம் இவங்க அண்ணன் தம்பி சண்டை. எங்க பார்க்கறதுன்னு தெரியாம சும்மா டிரம்மைத் தட்டிக்கிட்டு நின்னேன். எட்டு இடமும் ஒரே சத்தம்! என் காதையே நம்ப முடியல. அண்ணன்காரரைக் கேட்டா, புதுத்தோல் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செட்டாயிடுச்சுன்னாரு."

அத்தை மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "காலையில பொத். அஞ்சு நிமிஷத்துல டக்கு. தானாவே சரியாப் போன பொருளை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நான் வேலை தேடறதுகூட அப்படிச் சரியாகும்னுதான் காத்துக்கிட்டிருக்கேன்."

"சரி, உங்க கதைக்கு வருவோம். ஒருத்தன் திருட்டுத்தனமா டிரம்மைத் திறக்கறான். தாளைப் போட்டு அவசர அவசரமா மூடறான். சத்தம் முன்னைக்கு மோசமாகணுமா, நல்லாகணுமா?"

மாப்பிள்ளை யோசித்தான். தன் அழகான கதையிலிருந்து கண் முன்னாலேயே காற்றுப் போவதை உணர்ந்தான்.

"திருட வந்தவன் வீட்டைப் பெருக்கிக் கோலமும் போட்டுட்டுப் போவானா மாப்பிள்ளை?" என்றார் அத்தை. மாஸ்டர், தன்னைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதே தெரியாமல், "மாட்டான்" என்று தலையாட்டினார்.

மணி பதினொன்று முப்பத்தைந்து. அத்தை ஒத்த ஸ்க்ரூவைப் பின்னாலிருந்த பெயின்ட் அறைக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளை கதவைச் சாத்தினான். அறை முழுக்க வார்னிஷ் வாசனை, கயிற்றில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும் மர வளையங்கள்.

"தாள் டிரம்லதான் இருக்கு" என்றார் அத்தை. "உள்ள இல்ல. விளிம்புல. எதிர்ப்பக்கம், மேல் வளையத்துக்கும் தோலுக்கும் நடுவுல. நீளவாக்குல மடிச்சு வெச்சிருக்கும்."

ஒத்த ஸ்க்ரூ கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. ஸ்டூல் கால், ஜன்னல், கடிகாரம். "அட, முட்டுக் கொடுத்திருக்காரு" என்றான்.

"காலையில மாஸ்டர் தட்டினப்ப பொத்துன்னு கேட்டதை உங்க தம்பியும் கேட்டாரு. மாஸ்டர் வேணாம்னு சொல்லப் போறாருன்னு முகத்தைப் பார்த்தாலே தெரியும். நீங்கல்லாம் தெருவுக்கு ஓடினீங்க. அஞ்சு நிமிஷம் கிடைச்சுது. தொட மாட்டேன்னு சபதம் போட்ட டிரம்மைத் தொட்டாரு. ஸ்க்ரூவைத் தளர்த்தி, வளையத்தைத் தூக்கி, தொய்ஞ்ச இடத்துல ஒரு பேப்பரை மடிச்சு வெச்சு, மறுபடி இறுக்கினாரு. நாப்பது செகண்டுன்னு நீங்க சொல்றது உண்மைதான் சார். அதை நிரூபிச்சது உங்க தம்பி."

"வரைபடத்தையா மடிச்சான்?"

"அது வரைபடம்னு அவருக்கு எப்படித் தெரியும்? யாரும் பார்க்கக்கூடாதுன்னு கவிழ்த்து வெச்சிருந்தீங்க. அவர் கண்ணுக்கு அது வெள்ளைத் தாள். கைக்குக் கிடைச்சதை எடுத்தாரு."

"அப்ப... நான் கத்தினப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா டிரம்மைத் திறக்கணும். திறந்தா பேப்பர் வரும். பேப்பர் ஏன் அங்க போச்சுன்னு மாஸ்டர் கேப்பாரு. மாஸ்டர் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்திருப்பாரு. அவரோ இதே டிரம்மைக் கையோட எடுத்துட்டுப் போறேன்னுட்டாரு. அதான் வேற செஞ்சு தர்றோம்னு குறுக்கே விழுந்தாரு. அதையும் நீங்க பொறாமைன்னுட்டீங்க." அத்தை குரலைத் தாழ்த்தினார். "உங்க டிரம்முக்குக் கெட்ட பேர் வர்றதுக்குப் பதிலா, தனக்கே திருடன்னு பேர் வந்தாப் பரவாயில்லன்னு நினைச்சிருக்காரு."

ஒத்த ஸ்க்ரூ ஒரு பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். அது காலி டப்பா, நசுங்கியது. அவர் கவனிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க மாப்பிள்ளைக்கே பாவமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றார் கடைசியில். "கம்பி கொக்கிக்குக் கொக்கி உரசிக்கிட்டுப் போகுது. ஸ்க்ரூகிட்ட இருக்கற இழுப்பு எதிர்ப்பக்கம் போய்ச் சேரறதுக்குள்ள செத்துப் போயிடுது. மூணு வருஷமா தெரியும். முதல் நாளே அவன் சொன்னான். அன்னையிலேர்ந்துதான் அவன்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. நான் காட்டறப்பல்லாம் ஸ்க்ரூ பக்கமா நின்னு அந்தப் பக்கமே தட்டிக் காட்டுவேன். ஒரு தடவை திறந்தா மறுபடி தோல் எப்படி உட்காரும்னு எனக்கே தெரியாது. அதான் திறக்க வேணாம்னேன்."

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். அவனுக்குள்ளிருந்த பழைய இன்ஷூரன்ஸ்காரன் விழித்துக்கொண்டான்.

"சார், இதுக்கு ஏன் கவலைப்படறீங்க? மாஸ்டரை நான் வாசல்ல பேச்சுல மாட்டி வைக்கறேன். எங்கிட்ட மாட்டினவங்க அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி தப்பிச்சதா சரித்திரமே இல்ல. நீங்க திறங்க, வரைபடத்தை எடுங்க, வேற பேப்பரைத் தம்பி மடிச்சு வைக்கட்டும், மூடுங்க. அலமாரிக்குப் பின்னால கிடைச்சுதுன்னு சொல்லிடலாம். டிரம்மும் போகும், நாலு மணிக்கு அலுவலகத்துக்கும் போகலாம். பாம்பும் சாகணும், கோலும் உடையக்கூடாது."

அத்தை வேண்டாம் என்று தடுக்கவில்லை, ஒத்த ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. முகத்தில் ரத்தம் திரும்பியது. எழுந்து கதவு வரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்தவர் அங்கேயே நின்றார்.

"அப்ப என் தம்பி?" என்றார்.

"அவரும் திருடன் இல்லேன்னு ஆயிடுமே" என்றான் மாப்பிள்ளை.

"எப்படி ஆகும்? அலமாரிக்குப் பின்னால கிடைச்சுதுன்னா மாஸ்டர் என்ன நினைப்பாரு? மாட்டிக்கிட்டதும் அங்க போட்டுட்டான்னு நினைப்பாரு. நான் மாஸ்டர் எதிர்லதான் அவனைத் திருடன்னேன் சார். இல்லேங்கறதையும் அவர் எதிர்லதான் சொல்லணும்."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. மாஸ்டர் டிரம்மை எடுப்பதற்காக உள்ளே வந்திருந்தார். தம்பி பையின் வாயைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா அவருக்கும் கதவுக்கும் நடுவில், வழியை மறித்ததாகவும் இல்லாமல் விட்டதாகவும் இல்லாமல் நின்றார்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம்" என்றார் ஒத்த ஸ்க்ரூ. "இந்த டிரம்ல ஒரு குறை இருக்கு."

"அண்ணா" என்றார் தம்பி.

"நீ சும்மா இரு. ஸ்க்ரூவுக்கு எதிர்ப்பக்கம் தொய்யும் மாஸ்டர். எட்டு ஸ்க்ரூவுல அந்த ஒரு இடத்தைச் சரி பண்ணலாம், இதுல முடியாது. நேத்து நீங்க கேட்ட சத்தம்தான் நிஜம். ராத்திரி செட்டாச்சுன்னு நான் சொன்னது பொய். இன்னைக்கு நீங்க கேட்ட சத்தம் என்னுது இல்ல, இவனோடது."

ஸ்க்ரூ திருகும் சாவியை எடுத்தார். மாப்பிள்ளை தன்னையறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாற்பது வினாடி ஆகவில்லை, ஒரு நிமிடம் பத்து வினாடி ஆனது. கம்பி தளர்ந்தது, எட்டுக் கொக்கியும் ஒரே நேரத்தில் தலை கவிழ்ந்தன. வளையத்தைத் தூக்கினார். எதிர்ப்பக்க விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது, விரல் அகலத்தில் கூர்மையாக மடித்த ஒரு காகிதப் பட்டை.

அவர் அதை மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். ஆறு மடிப்பு. கடைசி மடிப்பு பிரிந்ததும் எட்டுக் கொக்கியும் ஒரு ஸ்க்ரூவும் கறுப்பு மையில் தெரிந்தன. தாளின் குறுக்கே ஆறு கோடுகள் விழுந்திருந்தன.

"வெள்ளைத் தாளுன்னு நினைச்சுட்டேன்" என்றார் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ கத்தினப்புறம்தான் தெரிஞ்சுது."

"நான் உன்னைத் திருடன்னு சொல்லியிருக்கக் கூடாது" என்றார் அண்ணன். அதைத் தம்பியிடம் சொன்னாரா, மாஸ்டரிடம் சொன்னாரா, டிரம்மிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தம்பி பதிலுக்கு மூக்கை உறிஞ்சினார்.

மாஸ்டர் அந்தப் பட்டை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே வண்டிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான்.

"நாப்பது வேணாம்" என்றார் மாஸ்டர். ஒத்த ஸ்க்ரூ தலையாட்டினார், எதிர்பார்த்ததுதான். "பத்து குடுங்க. என்கிட்ட நாப்பது பசங்க. எட்டு ஸ்க்ரூன்னா வாரா வாரம் முன்னூத்திச் சொச்சம் ஸ்க்ரூவை நான் ஒருத்தன் திருகணும். என் மணிக்கட்டைப் பாருங்க. பத்தை வெச்சு ஒரு வருஷம் அடிச்சுப் பார்க்கறோம். இது எந்தப் பக்கம் படுத்தும்னு இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதனால பயம் இல்ல. மிச்சம் முப்பதும் எட்டு ஸ்க்ரூவுலயே செஞ்சு குடுங்க." கதவு வரை போய்த் திரும்பினார். "ஆனா பத்துக்கும் பேப்பர் இவர்தான் மடிக்கணும். நல்ல பேப்பரா, வெத்துப் பேப்பரா பார்த்து மடிக்கணும்."

வீட்டுக்காரம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்க உள்ளே ஓடினார். நான்கு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவ்வளவுதான், கேஸ் முடிந்தது என்று மாப்பிள்ளை ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். அத்தை அசையவில்லை. கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. தம்பி பையை எடுத்துத் தோளில் மாட்டினார். போக வேண்டாம் என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லையே. திருடன் இல்லை என்பது வேறு, இரு என்பது வேறு.

ஒத்த ஸ்க்ரூ நேரே போய்த் தம்பியின் தோளிலிருந்து பையைக் கழற்றினார். தரையில் வைத்துக் கயிற்றைப் பிரித்தார். உள்ளே கையை விட்டு ஒரு உளியை எடுத்துச் சுவரில் கிடைத்த ஆணியில் மாட்டினார்.

"அது அங்க இல்லண்ணா" என்றார் தம்பி. "அது அரம் மாட்டற ஆணி."

"அப்ப இதை எங்க மாட்டறது?"

"இப்படிக் குடு."

அடுத்து ஒரு சுத்தியல். அதையும் தப்பான இடத்தில் மாட்டினார். தம்பி எடுத்துச் சரியான இடத்தில் மாட்டினார். அப்புறம் இடுக்கி, அளவுகோல், சின்ன ரம்பம். ஒருவர் தப்பாக மாட்ட, இன்னொருவர் பின்னாலேயே போய்த் திருத்தினார். இருபது வருடம் இதே அறையில் வேலை பார்த்த மனிதருக்கு ஒரு கருவியின் இடம்கூடவா தெரியாது என்று மாப்பிள்ளை கேட்க வாயெடுத்தான். அத்தை அவன் காலை மிதித்தார்.

பை காலியானது. ஒத்த ஸ்க்ரூ அதைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை உதறினார். மரத்தூள் கொஞ்சம் விழுந்தது. பையைச் சுருட்டி, இஸ்திரிப் பெட்டியோடு வந்த மனைவியின் கையில் கொடுத்தார்.

"இதை எங்கயாவது ஒளிச்சு வை."

"எங்கங்க?"

"எங்க வேணும்னாலும் வை. அவன்கிட்ட மட்டும் சொல்லாதே."